நாற்றுப் பைக்கு மட்டும் ஏன் விலக்கு?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை. அதே அரசாணையிலதான் வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களுக்காக அரசுத் துறைகள் வாங்குற பைகளுக்கு விலக்கும் கொடுத்தாங்க. 2022ல தொடங்கின பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தோட இலக்கு, காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்குறது. நல்ல இலக்கு. ஆனா எத்தனை நாற்றோ அத்தனை கறுப்புப் பை. குரோமியம் பாழாக்கின மண்ணு ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்கெனவே நிறைய. அதே பக்கம் இருக்குற சோளிங்கர் மலையடிவாரத்துல மரம் நடுறப்பவாவது பிளாஸ்டிக்கைச் சேர்த்துப் புதைக்காம இருக்கணும்.

குப்பை மட்டுமே பிரச்சினை இல்ல. பையோட சுவர்ல முட்டுற வேர் வட்டமா சுருண்டுக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் லேசுல பிரியாது, மரம் பெருங்காத்துக்கு நிக்காது. பைக்குப் பதிலா தென்னை நார்த் தொட்டின்னா, வேர் சுவரைத் துளைச்சு வெளிய வரும், காத்துப் பட்டு நுனி காயும், உள்ள பக்கவேர் கிளைக்கும். தொட்டியோடவே நட்டுடலாம்.

விலை கூடன்னு சொல்றாங்க, உண்மைதான். ஆனா பையைப் பொறுக்கி அகற்றுற செலவை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. நாரும் பொள்ளாச்சியிலேயே கிடைக்குது. நம்ம வெயில்ல தொட்டி சீக்கிரம் காயும்ங்கிறதும் சரிதான்; நிழல்வலை வேணும், நடுறப்ப விளிம்பு மண்ணுக்கு மேல தெரியாம புதைக்கணும், இல்லன்னா அதுவே ஈரத்தை உறிஞ்சி வெளியேத்திடும். நாற்றங்கால்ல ரொம்ப நாள் நிக்கிற நாற்றுக்குத் தொட்டி மக்கிப்போகும். அதுக்கு, வேரைச் சுருளவிடாத, திரும்பத் திரும்பப் பயன்படுற ரூட் ட்ரெய்னர் குப்பி இருக்கு. சில மாசத்துலயே தயாராகிற புங்கனுக்கு இந்தச் சிக்கல் இல்ல.

அடுத்த வடகிழக்குப் பருவத்துக்குப் புங்கன் நாற்றை மட்டுமாவது நார்த் தொட்டிக்கு மாத்தினா என்ன?