எந்தத் தோட்டம்?

எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதால்தான் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போனோம். தேனிலவுக்கென்று அத்தான் கட்டாரிலிருந்து புக் பண்ணிய அறை; காசு திரும்பக் கிடைக்காதாம். "சும்மா விடுறதுக்கு நீங்களாவது போய்ட்டு வாங்க புள்ள" என்றார் அக்கா. எக்ஸாம் முடிந்த கையோடு பேராதனையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினோம்.

ஹோட்டல் ஒரு பழைய தொரை பங்களா. கட்டிலில் ரோஜா இதழால் இதயம், அதன்மேல் டவலில் மடித்த இரண்டு அன்னங்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஜன்னலைத் திறந்தால் பனி, தேயிலை, கீழே லயத்துத் தகரக்கூரைகள். மேலிருந்து லயத்தைப் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல்தடவை. எங்கள் வீடுகளும் லயம்தான், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. எங்கள் அம்மாயிமார் பங்களாவுக்குப் பின்வாசலால்தான் போயிருக்கிறார்கள்.

பெக்கேஜில் ஸ்பாவும் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் போட்டிருந்த விலைக்கு அம்மா பத்து நாள் பேர் போடவேண்டும்.

மசாஜ் செய்த அக்கா முதலில் ஆங்கிலத்தில் பேசினார், பிறகு சிங்களத்தில். பாதத்தை அழுத்தியபோது எங்களில் ஒருத்தி "அம்மா!" என்று கத்திவிட்டாள். அவர் சிரித்தார். "தமிழா? எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் யாரைக் கண்டாலும் கேட்கும் கேள்விதான். பஸ்ஸில் கேட்டால் டிவிஷன், லயம் எல்லாம் சொல்லி, இறங்குவதற்குள் ஒரு சொந்தத்தையே கண்டுபிடித்துவிடுவோம். அன்றைக்கு இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது, "கண்டி டவுன்."

"அப்படியா மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அம்மா கீழ மலையில கொழுந்து எடுக்குது" என்றார். நாங்கள் பேசவில்லை.

1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி பெக்கல்ட்டியில் பேசிக் கைத்தட்டு வாங்கியவர்கள் நாங்கள். பிறகு ஏன் பொய் சொன்னோம்? நம்மவர் ஒருவர் நம் காலைப் பிடிக்கிறாரே என்ற கூச்சமா? இல்லை, ஒரு மணித்தியாலமாவது மேடமாக இருந்து பார்க்கும் ஆசையா? இரவு முழுக்க அதையே பேசினோம். இரண்டும்தான்.

காலையில் ஹோட்டல் வேனை விட்டுவிட்டு லயத்துப் பக்கமாக இறங்கினோம். வேலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நாங்க நேத்து பொய் சொன்னோம்."

"தெரியும் புள்ள. காலெல்லாம் அட்டை கடிச்ச தழும்பு. டவுன் புள்ளைங்களுக்கு எப்படி வரும்?" பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "சரி, இப்ப சொல்லுங்க. எந்தத் தோட்டம்?"

சொன்னோம், லயம் வரைக்கும். பஸ்ஸை விட்டுவிட்டோம்.