திருவனந்தபுரத்தில் ஒரு காத்திருப்பு

காயல்பட்டினத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் திருவனந்தபுரம் செல்வோர் அனைவரும் பீமாப்பள்ளிக்குச் செல்வோர் அல்லர். பழைய மருந்துச் சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் நிறைந்த பையுடன் தம்பானூரில் இறங்கி, மெடிக்கல் காலேஜ் பேருந்தைத் தேடுவோரும் உண்டு. அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவருக்கு வலிப்பு நோய் இருந்து, ஏற்ற மருந்துகள் இரண்டைச் சரியான அளவில் உட்கொண்டும் அது அடங்கவில்லையெனில், நீங்களும் அப்பேருந்தில் ஏற நேரலாம்.

மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். திருவிதாங்கூரின் கடைசி மன்னருடைய பெயர் அது. வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை அங்கு 1995இல் தொடங்கிற்று. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. எனவே அவ்வூரில் தமிழ் அந்நிய மொழியன்று.

கத்தி வைப்பதற்கு முன் சோதனைகள் பல. அவற்றுள் குடும்பத்தாரின் நெஞ்சைப் பதைக்கச் செய்வது வீடியோ இ.இ.ஜி. தலையெங்கும் மெல்லிய கம்பிகளை ஒட்டி, துணி சுற்றி, கட்டிலை நோக்கிக் கேமராவைத் திருப்பி வைக்கிறார்கள். மருந்தையும் மருத்துவர்களே படிப்படியாகக் குறைக்கிறார்கள். (வீட்டில் ஒருபோதும் இதைச் செய்துவிடாதீர்கள்!) வலிப்பு வந்தால்தான் அது மூளையின் எந்த மூலையில் பிறக்கிறதென்று தெரியும். பிள்ளைக்கு வலிப்பே வரலாகாதென்று ஆண்டுக்கணக்கில் துஆச் செய்த தாய், இங்கே அது வரட்டும் என்று காத்திருக்கிறாள். இரண்டு நாள் வராதிருந்தால் கவலைப்படுகிறாள். இந்த முரண்பாட்டைத் தாங்கத்தான் துணைக்கு ஒருவர் வேண்டும்.

துணையிருப்பவருக்கு வேலையும் உண்டு. வலிப்புத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். போர்வையை விலக்க வேண்டும். கேமராவை மறைத்து நிற்கலாகாது. பெயர் சொல்லி அழைத்து, கையை உயர்த்தச் சொல்லி, நினைவில் வைக்க ஒரு சொல்லையும் கொடுக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைப்பதோ தீங்கு. முதலில் முறுக்கியது வலக்கையா, இடக்கையா, வாய் மென்றதா என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளையானால், இரவும் பகலும் கேமரா பார்த்திருப்பது உறுத்தும். ஆடை மாற்றும்போது என்ன ஏற்பாடு, தலைத்துணியை எவ்வாறு அணியலாம் என்று செவிலியரிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள். நினைவாற்றலையும் மொழித்திறனையும் சோதிக்கும் நாளில், பிள்ளை தமிழில் சிந்திப்பவள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தெரியாத மொழியில் கேட்டால் நல்ல நினைவும் குறையாகத் தோன்றும்.

உடன் வந்த மச்சானோ காக்காவோ முறை மாற்றிக்கொள்ள இருப்பின், ஒரு மாலை பாளையம் வரை சென்று வாருங்கள். பள்ளிவாசலும் கணபதி கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. எதிரே மாதா கோயில். தொழுதபின் சற்று அமர்ந்தால் மருத்துவமனையின் வாடை நீங்கும்.

எல்லா முடிவுகளையும் வைத்து மருத்துவர்கள் கூடிப் பேசுவார்கள். அறுவை பொருந்தாது என்றும் சொல்லக்கூடும். அதற்கும் வீட்டாரை முன்னரே ஆயத்தப்படுத்துங்கள். கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், பொட்டுப்பகுதி மூளையில் அறுவைக்கென ஒதுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 58 பேர் ஓராண்டுக்குப்பின் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் உட்கொண்டோரில் 8 பேரே.

சோதனை எத்தனை நாள் நீளும் என்று யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது. திரும்பும் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.