பின் அச்சில் ஒரு பெட்டி



தையல் மெஷினின் சத்தம் சற்று மாறினாலே எண்ணெய் காய்ந்துவிட்டதா, பொபின் சரியாக உட்காரவில்லையா என்று உங்கள் காது சொல்லிவிடும். வாசலில் நிற்கும் வாகனத்தின் சத்தம் மாறினால் மட்டும் "அது ஆம்பிளைகள் விஷயம்" என்று இருந்துவிடுகிறோம். செலவுக்கான பணம் என்னவோ நம்முடைய அலுமாரியிலிருந்துதான் போகிறது! ஆகவே இம்மாதம் காரின் பின் அச்சில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் டிஃபரன்ஷியல். எங்கள் பதுளைக் கராஜ்களில் 'டிப்ரன்சல்' என்பார்கள்.

எங்களுடையது கடையில் வாங்கிய கார் அல்ல. ஓடாமல் கிடந்த இரண்டு மொரிஸ் மைனர்களை வாங்கி, என் கணவரும் நானாவும் வீட்டு முற்றத்திலேயே ஒன்றாக்கியது. ஒன்றின் முன்பாதி, மற்றதின் 948 சி.சி. எஞ்சின், பின்புறம் புடவைக் கட்டுகள் வைக்க ஆசாரி அடித்த மரப்பெட்டி. இதில்தான் பசறை, ஸ்பிரிங்வேலி, நமுனுகுலைத் தோட்டங்களுக்குப் போய் லயங்களில் கடனுக்குத் துணி கொடுத்து, சம்பள நாளில் காசு வாங்கி வருகிறோம். அவர் காரோட்டுவார். கணக்குக் கொப்பி என்னிடம்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பிறந்தது துருக்கியின் இஸ்மிர் நகரில். பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோனாலும் நம் நாட்டில் அதற்குச் சாவு வரவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்துக் காரர்களுக்கு இலங்கையிலிருந்து மொரிஸ் மைனர் உதிரிப்பாகம் செய்து அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்!

சரி, இந்தப் பெட்டி எதற்கு? இரண்டு பிள்ளைகளை ஒரு கம்பின் இரு முனைகளையும் பிடிக்கச் சொல்லி, பக்கம் பக்கமாக நடந்து வளைவில் திரும்பச் சொல்லுங்கள். உள்ளே நிற்பது மெதுவாக நடக்கும், வெளியே நிற்பது ஓட வேண்டிவரும். காரின் பின் சக்கரங்களுக்கும் இதே கதைதான். எங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவொன்றில் முழுதாகத் திரும்பினால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறக்குறைய 13 அடி கூடுதலாக ஓடுகிறது. வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் அதே 13 அடி. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் டயர் உரசித் தேயும்; அச்சும் முறியலாம். பெட்டிக்குள் ஒரு கூட்டில் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் நேர்ப்பாதையில் தம் இடத்தில் சும்மா இருக்கும். வளைவில் மட்டும் சுழன்று, உள் சக்கரம் இழக்கும் வேகத்தை வெளிச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். 1820களின் இறுதியில் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காகச் செய்த ஏற்பாடு இது.

நம்ம ரயிலுக்கு இது கிடையாது. சக்கரங்கள் அச்சோடு இறுகியவை. விளிம்பு கூம்பாக இருப்பதால் வளைவைச் சமாளிக்கின்றன. 1924இல் பதுளைக்கு வந்த அந்தப் பாதையில், தெமோதரையில் மலையைச் சுற்றி ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழையும் இடத்தில் ரயில் கிறீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் கார் ஊளையிடத் தொடங்கியது 2023 செப்டெம்பரில். ஏற்றத்தில் ஊளை, காலை எடுத்தால் சத்தம் மாறும், கிளட்ச்சை விடும்போது 'டக்' என்று ஓர் அடி. எண்ணெயை வடித்துப் பார்த்தபோது மினுங்கும் இரும்புத் துகள். நவம்பரில் தீபாவளி. வருடத்தில் எங்களுக்குப் பெரிய வியாபாரம் அதுதான். தோட்டத்துப் பெண்களுக்கும் அப்படியே. "நாநா வராட்டி டவுன் கடையில முழுக்காசு வச்சுத்தானே எடுக்கணும்" என்றாள் ஒருத்தி. வேறு வாகனம் வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியாருக்குத் திறக்கவில்லை. பழைய வாகனமெல்லாம் தங்க விலை. என் கையில் இருந்தது மகளின் டியூஷனுக்காகச் சேர்த்த சீட்டுப் பணம்.

ஒரு கராஜில் பினியனை மட்டும் மாற்றினால் போதும், செலவு பாதி என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் சின்னப் பினியனும் அது சுழற்றும் பெரிய கிறவுன் சக்கரமும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிச் சோடியாக்கப்பட்டவை. ஒன்றைப் பிரித்து இன்னொன்றோடு போட்டால் மறுபடியும் ஊளைதான். சோடியாகவே மாற்றுங்கள், சகோதரிகளே. பாதிச் செலவு என்பது இரண்டு தடவை செலவு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் முழுப்பெட்டி ஒன்று கிடைத்தது. "பெற்றோல் மிச்சம்" என்று கடைக்காரர் ஆசை காட்டினார். நான் போனிலேயே பல்லை எண்ணச் சொன்னேன். பெரியதில் 38, சின்னதில் 9. அது 1098 சி.சி. எஞ்சினுக்கு வந்தது. எங்களுடையதில் 41க்கு 9. வித்தியாசம் மூன்று பல்தானே என்பீர்கள். ஏற்றத்தில் இழுவை 7 வீதம் குறையும். கட்டுகளோடு ஸ்பிரிங்வேலி ஏறும் வண்டிக்கு அது சரிப்படாது. இன்னும் பழைய 803 சி.சி. காரின் 43க்கு 8 பெட்டியும் ஒருவரிடம் இருந்தது. இழுவை அபாரம், ஆனால் எஞ்சின் எந்நேரமும் அலறும், மீற்றர் 40 காட்டும்போது உண்மையில் 34தான் ஓடியிருப்போம். பத்து நாள் பொறுத்து 41க்கு 9ஐயே பண்டாரவளையில் பிடித்தோம். சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

மாற்றுவது ஒரு பகல் வேலை. பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டையில் நிறுத்தி (ஜக்கை மட்டும் நம்பி யாரையும் கீழே படுக்க விடாதீர்கள்), சக்கரமும் பிரேக் டிரம்மும் கழற்றி, இரு பக்க அச்சுத் தண்டுகளை வெளியே இழுத்தார்கள். நீளத் தண்டின் நான்கு போல்ட், பெட்டியைச் சுற்றி எட்டு நட். பிறகு பெட்டி முன்பக்கமாகக் கழன்று வந்தது. நானாவின் கை அந்தப் பாரத்தில் நடுங்கியது. புதுக் காகித கேஸ்கட் வைத்துப் பூட்டி, இ.பி. 90 எண்ணெயை மூடித் துவாரத்தில் வழியும் வரை விட்டார்கள். அதற்கு ஒரு லீற்றர்கூட வேண்டாம். அந்தச் சின்ன அளவு எண்ணெய் கசிந்து தீர்ந்ததைப் பார்க்காமல்தான் பல வீடுகளில் பெரிய செலவு வருகிறது. பின் சக்கரத்தடியில் கறுப்புப் பொட்டு விழுகிறதா என்று முற்றம் கூட்டும்போது நாமே பார்க்கலாம்.

ஒரு குறை இதற்கு உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் விழுந்தால், இந்தப் பெட்டி அதை மட்டும் சுழலவிட்டு, நல்ல தரையில் நிற்கும் சக்கரத்தைச் சும்மா நிற்க வைத்துவிடும். மழைக்காலத்துத் தோட்டப் பாதைக்கு இரண்டு சாக்கும் ஒரு மண்வெட்டியும் நான் ஏற்றாமல் விடுவதில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்க ஓடத் தொடங்கினோம். முதல் 500 மைல் மெதுவாக ஓட்டி எண்ணெயை மாற்றினோம், துகள் இல்லை. கடன் கொப்பியில் மூன்று லயங்களின் கணக்கு மட்டும் இன்னும் பாக்கி. மகளுக்கு டியூஷன் ஜனவரியில் தொடங்கியது, ஒரு பாடம் குறைத்து. ஊளை நின்றதால் இப்போது மரப்பெட்டியின் பின்கதவுக் கீல் கத்துவது கேட்கிறது.