பிரமிடுக்குள்ளிருந்து ஒரு கச்சேரி

திங்கள்

மின்னணு இசைக்காரர்கள் நேரடிக் கச்சேரி ஆல்பம் போட்டால் உடனே எழும் கேள்வி, அங்கே வாசித்தது யார் என்பதுதான். டாஃப்ட் பங்க் இரட்டையரின் ‘அலைவ் 2007’ விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2007 ஜூன் 14 அன்று பாரிஸின் பெர்சி அரங்கில் பதிவானது அது. தோமா பாங்கல்தேரும் கி-மானுவல் தெ ஓமெம்-கிறிஸ்தோவும் ரோபோ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, விளக்குகள் பதித்த பிரமிடுக்குள் நிற்கிறார்கள். அவர்கள் விரல் எதைத் தொடுகிறது என்று அரங்கில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆல்பம் கேட்பவருக்கு எங்கே தெரியப்போகிறது! விரலைத் தேடுவதே வீண் வேலை என்பது என் எண்ணம். கூட்டத்துக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, அந்த மோதலைக் கூட்டம் கண்டுகொள்ளும் கணத்தை உண்டாக்குவதுதான் இங்கே நேரடியாக நடக்கும் காரியம். ஐந்தாவது தடத்தைக் கேட்டாலே போதும். ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ 1997இன் ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்தில் வந்தது. ஏழு நிமிடத்துக்கும் மேலாக ஒரே வாசகத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பாட்டு. ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ 2001இன் ‘டிஸ்கவரி’யில் வந்தது, சொற்களை நறுக்கி நறுக்கிப் போடும் பாட்டு. தாள வேகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. முதல் பாட்டின் வாசகம் ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவதின் துண்டுச் சொற்கள் நடுவே வந்து விழுகின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடத் தொடங்கும்போது, நான்கு வருட இடைவெளியில் பிறந்தவை என்பதே மறந்துபோகிறது.

புதன்

இதைவிட வலுவான சான்று, தோற்றுப்போனதாகப் பலர் கருதிய ஆல்பத்தில் இருக்கிறது. 2005இல் வந்த ‘ஹியூமன் ஆஃப்டர் ஆல்’ சில வாரங்களில் செய்து முடிக்கப்பட்டது. ஒரே துணுக்கை அரைத்துக்கொண்டே இருக்கிறது என்று விமர்சகர்கள் அலுத்துக்கொண்டார்கள், காரணமில்லாமல் இல்லை. ‘டெலிவிஷன் ரூல்ஸ் த நேஷன்’ தனியாகக் கேட்டால் கனத்த இரும்பை இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும். பெர்சியில் அதன்மேல் ‘டிஸ்கவரி’யின் ‘கிரெசெண்டால்ஸ்’ வந்து உட்காருகிறது. அது ஒரு பழைய சோல் பாட்டிலிருந்து துணுக்கெடுத்துச் செய்த, கும்மாளமான பாட்டு. கனத்தின் மேல் கும்மாளம் ஏறியதும் இரண்டுமே மாறிவிடுகின்றன. அரைத்த மாவாகத் தெரிந்த துணுக்கு இப்போது அடித்தளமாகிவிட்டது. அந்த வெறுமை குறையல்ல, வேறொன்று வந்து உட்காரக் காலியாக விட்ட இடம் என்று கூடச் சொல்லத் தோன்றுகிறது. முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் விட்டார்களா என்பது வேறு விஷயம். மொத்தம் 12 தடம், ஏறத்தாழ 74 நிமிடம். எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. ‘டூ லாங்’ வருமிடத்தில் சற்றுத் தொய்கிறது, பெயருக்கேற்றபடி.

வெள்ளி

எல்லாம் முன்பே தயாரித்து வைத்தது, 2006 கோச்செல்லா விழாவில் தொடங்கிய சுற்றுப்பயணம் முழுக்க ஏறக்குறைய அதே வரிசை, பிறகு என்ன நேரடி என்று கேட்கலாம். தயாரித்தது உண்மைதான். தயாரிக்காத வகை எப்படியிருக்கும் என்பதையும் இவர்களே காட்டியிருக்கிறார்கள். பர்மிங்காமில் பதிவாகி 2001இல் வெளியான ‘அலைவ் 1997’ முக்கால் மணி நேர ஒற்றைத் தடம். ஒலிகளைத் திருகி, நீட்டி, உடைத்துப் பார்க்கும் ஆட்டம். கைவேலை அதில்தான் அதிகம். ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்க இழுப்பது 2007 தான், ஏனெனில் பத்து வருடப் பாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை எதனோடு சேர்ப்பது என்று முடிவெடுத்ததே அங்கே இசையமைப்பு. அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து ரீமிக்ஸ் போட்டிருக்கலாமே என்பது இன்னும் கெட்டிக்காரத்தனமான ஆட்சேபம். போட்டிருக்கலாம்; அதில் பதில் சொல்ல ஆளிருக்காது. தொடக்கத்தில் மனிதனையும் ரோபோவையும் குறிக்கும் இரண்டே சொற்கள் மாறி மாறி ஒலித்து வேகமெடுக்கும்போது, இசை என்று எதுவும் இன்னும் வரவில்லை. வருவது கூட்டத்தின் இரைச்சல்தான். ஒலிக்கலவையில் அந்த இரைச்சலைக் கூட்டியோ குறைத்தோ இருப்பார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் பாட்டு எப்போது அடையாளம் தெரிந்தது என்ற செய்தி அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கிறது. பிரமிடைப் பார்க்காமல் பாதி போய்விடுகிறது என்பார்க்கு மட்டும் முழுப் பதில் கிடையாது. காட்சி உண்மையிலேயே போய்விடுகிறது. ஆனால் இவர்கள் அந்தச் சுற்றுப்பயணத்தை அதிகாரபூர்வப் படமாக வெளியிடவில்லை. ஒலி தனியே நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படி விட்டிருப்பார்களா?

கையும் விரலும்தான் நேரடி இசை என்பவர்கள் 2013க்கு வந்து பார்க்கலாம். ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ ஆல்பத்தில் நைல் ராட்ஜர்ஸின் கிடார், நேத்தன் ஈஸ்டின் பேஸ், ஓமர் ஹக்கீமின் டிரம்ஸ் என்று மனித விரல்கள் நிறைந்திருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் சுற்றுப்பயணம் போகவே இல்லை, 2021இல் பிரிந்தும்விட்டார்கள்.