படகுக்கும் வாட்டம் வேண்டும்!

மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும்போது கொத்தனார் ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "வாட்டம் சரியா இருக்கா பாரு!" தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் தளத்தை லேசாகச் சரித்து வைப்பதுதான் வாட்டம். அது தப்பினால் மழை பெய்த மறுநாள் மாடியில் குளம், அடுத்த வருடம் ஹாலில் ஒழுகல். ஒரு விரல்கடை சரிவு, அவ்வளவுதான். ஆனால் அதில்தான் வீடே இருக்கிறது.

இதே தலைவலி அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் படகு வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. கடலில் போகும்போது அல்ல. வீட்டுக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே நாலடி உயரத்தில், படகை பத்திரமாகத் தூக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்போது!

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் கேப் கோரல் என்று ஓர் ஊர். 1957-இல் ரோசன் சகோதரர்கள் என்ற இரண்டு வியாபாரிகள் அங்கே நிலம் வாங்கி, கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டி, அதை மனை மனையாக விற்றார்கள். இன்று அந்த ஊரில் சுமார் 400 மைல் நீளத்துக்குக் கால்வாய்கள். நம் ஊரில் வாசலில் பைக் நிற்பதுபோல அங்கே கொல்லைப்புறத்தில் படகு நிற்கிறது. அதைத் தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் என்ன? போடலாம். ஆனால் அந்த வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சில வாரத்திலேயே அடிப்பக்கம் பாசி படியும், கல் மாதிரி கொட்டலசு ஒட்டும், உலோகப் பாகங்களை உப்பு தின்னும். அதனால்தான் படகு லிஃப்ட்.

லிஃப்ட் என்றதும் கதவு வைத்த பெட்டியை நினைக்க வேண்டாம். தண்ணீருக்குள் நான்கு தூண்கள். மேலே மோட்டார்கள், தூணுக்குத் தூண் தொங்கும் கம்பி வடங்கள். வடங்களின் கீழ் முனையில் இரண்டு குறுக்கு விட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள். கட்டைகளில் படகு கீறாமல் இருக்க கார்ப்பெட் சுற்றியிருக்கும். படகை ஓட்டி வந்து கட்டைகளுக்கு மேலே நிறுத்தி ஸ்விட்சைப் போட்டால், கட்டைகள் மேலெழுந்து படகைத் தூக்கிக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

புதிதாக லிஃப்ட் வாங்கும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். வீட்டுக் கடன் ஒரு பக்கம், படகுக் கடன் ஒரு பக்கம். லிஃப்டிலாவது கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்குப் போடுகிறார். 22 அடி படகு, வெற்று எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 250 கிலோ. டாங்கில் 300 லிட்டர் பெட்ரோல், அது ஒரு 220 கிலோ. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து 150 கிலோ. ஆக மொத்தம் 2,420. கடையில் 7,000 பவுண்டு லிஃப்ட் இருக்கிறது, அதாவது சுமார் 3,175 கிலோ தாங்கும். எழுநூறு கிலோவுக்கு மேல் இடம் மிச்சம், போதாதா?

போதாது. மழையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

படகின் உள்தளம் நாலு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்று வையுங்கள். அதில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், கணுக்காலுக்குக்கூட வராத தண்ணீர், 800 லிட்டர். எடை 800 கிலோ! மிச்சம் இருந்த இடம் அத்தனையும் போய், லிஃப்டின் தாங்குதிறனையும் தாண்டியாயிற்று. இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. தண்ணீர் ஓர் இடத்தில் அடங்கி உட்காராது. எந்தப் பக்கம் துளி சரிவு இருக்கிறதோ அங்கே மொத்தமாக ஓடும். நான்கு வடங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய கூடுதல் சுமையை இரண்டு வடங்கள் சுமக்கும், சில நேரம் ஒன்றே ஒன்று. ஏற்கெனவே உப்புக்காற்றில் இழை இழையாகத் துருப்பிடித்த வடமாக இருந்தால்? ஒரு மூலை அறுந்து, படகு தலைகுப்புற விழும். வீட்டுக்காரர் ஜூலை மாதம் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருப்பார். அங்கே மழைக்காலமே அதுதான்.

சரி, இதற்கு மருந்து என்ன? பெரிய மருந்தெல்லாம் இல்லை. படகின் பின்பக்கச் சுவரில், மிகத் தாழ்ந்த இடத்தில், சுமார் ஒரு அங்குல விட்டத்தில் ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு திருகு மூடி. லிஃப்டில் ஏற்றியதும் அந்த மூடியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வரும் மழை அந்த வழியாக வடிந்துவிடும்.

ஆனால் ஓட்டை பின்னால் இருக்கும்போது படகு முன்பக்கம் சாய்ந்து நின்றால் மூடியைக் கழற்றி என்ன பிரயோஜனம்? இங்கேதான் கொத்தனாரின் வாட்டம் வருகிறது. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்வார்களே, அந்த முன்பகுதி பின்பகுதியைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும். வடங்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தோ, கட்டைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோ இதைச் சரிசெய்யலாம். கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீருக்கு மேலே நிற்கும் படகை அடிவானத்தோடு ஒப்பிடும்போது கண் நன்றாகவே ஏமாற்றும். ஒரு வாளித் தண்ணீரை முன்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஊற்றியதெல்லாம் பின்னால் ஓட்டை வழியாக வந்ததா, அல்லது நடுவில் எங்காவது தங்கிவிட்டதா? மாடியிலும் இதே சோதனைதானே!

"படகுக்குள் பம்ப் இருக்கிறதே, அது இறைத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். இறைக்கும். பேட்டரி இருக்கும்வரை. விடாமல் நாலு நாள் மழை பெய்தால் பம்ப் ஓடி ஓடி பேட்டரி தீரும், அதன்பிறகு தண்ணீர் ஏறும். சில படகுகளில் உள்தளத்துத் தண்ணீர் தானாகவே வெளியேற பக்கவாட்டில் துவாரங்கள் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு இலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் போதும் அதை அடைக்க. மேலே தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களும் நடுவில் ஒரு கம்பு நட்டு கூடாரம் மாதிரி தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தார்ப்பாயே தொட்டியாகிவிடும்.

கட்டைகளை எங்கே வைக்கிறோம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஃபைபர் படகின் அடியில் எல்லா இடமும் ஒரே பலம் கிடையாது. உள்ளே நீளவாக்கில் ஓடும் விலா எலும்பு போன்ற சட்டங்களுக்கு நேர் கீழே கட்டை வர வேண்டும். எஞ்சினின் பாரம் பின்னால் இருப்பதால், கட்டைகள் பின்சுவர் வரைக்கும் நீள வேண்டும். ஓர் அடி குறைந்தாலும் அந்தப் பாரம் அந்தரத்தில் தொங்கி, மாதக் கணக்கில் அடித்தளம் மெதுவாக வளையும். வளைந்த படகு பிறகு வேகமாக ஓட்டும்போது சொன்ன பேச்சு கேட்காது. வெளியே மாட்டும் எஞ்சினையும் தூக்கிச் சாய்த்து வைக்காமல், நேராகக் கீழே இறக்கி வைத்தால்தான் அதற்குள் இருக்கும் தண்ணீர் வடியும். உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகு. நாம் மோட்டார் பம்பைக்கூட இப்படிக் கவனிப்பதில்லை :-)

மழை என்றால் எவ்வளவு மழை? 2023 ஏப்ரல் 12 அன்று ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரே நாளில் 25 அங்குலத்துக்கும் மேல் கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி! புயல்கூட இல்லை, வெறும் மழை. மூடியைக் கழற்றாமல் விட்ட படகுகள் அன்று என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புயல் வந்தால் கதையே வேறு. 2022 செப்டம்பர் 28-இல் இயன் சூறாவளி கேப் கோரலுக்கு அருகில் கரையேறியபோது கடலே மேலெழுந்து ஊருக்குள் வந்தது. லிஃப்ட் எவ்வளவு உயரத்துக்குத் தூக்குமோ அதைவிட உயரமாகத் தண்ணீர் வந்துவிட்டால், படகு கட்டைகளை விட்டு மிதந்து, போகிற வழிக்குப் போகும். அந்தப் பகுதியில் சாலையிலும் வீட்டுத் தோட்டத்திலும் படகுகள் கிடந்தன. அதனால்தான் போட் யு.எஸ். என்ற படகுச் சொந்தக்காரர்களின் அமைப்பு, பெரிய புயல் வருகிறதென்றால் படகை லிஃப்டில் விடாதீர்கள், கரையேற்றிக் கொண்டுபோங்கள் என்கிறது. வாட்டமும் மூடியும் மழைக்குத்தான். பொங்கி வரும் கடலுக்கு அல்ல.

இத்தனையும் செய்தவர் ஒரு சனிக்கிழமை காலை மீன் பிடிக்கக் கிளம்புகிறார். பிள்ளைகள் ஏறியாயிற்று, ஐஸ் பெட்டி ஏறியாயிற்று, ஸ்விட்சைப் போட்டு படகை இறக்குகிறார். மூடி? அது கராஜ் அலமாரியில் இருக்கிறது!

நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருக்கும் ஓர் அங்குல ஓட்டை, நிமிடத்துக்கு மூன்று நான்கு குடம் தண்ணீரை உள்ளே விடும். தளத்துக்கு அடியில் நிறைவதால் முதல் சில நிமிடம் யாருக்கும் தெரியாது. பின்பக்கம் கனத்து, படகு சொன்னபடி திரும்பாதபோதுதான் தெரியும். அதற்குள் கால்வாய் தாண்டியிருந்தால் ஆபத்து. அனுபவசாலிகள் மூடியைக் கழற்றிய கையோடு எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுவார்கள். மூடியைத் தொடாமல் சாவியைத் தொட முடியாது. படகு மிதக்கத் தொடங்கியதும் உடனே கிளம்ப மாட்டார்கள். கட்டைகளுக்கு மேலேயே இரண்டு நிமிடம் நிறுத்தி, தளத்தின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் தெரிந்தால் மறுபடி ஸ்விட்ச், மேலே தூக்கு, வடியட்டும். பிள்ளைகள் அதுவரை கரையில்தான் நிற்க வேண்டும்.