பினாங்குக்குப் போன வழி

கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளில் பிறந்தோருக்குப் பினாங்கு அடுத்த ஊரைப் போலவே இருந்தது. அங்கு 1801இல் காதர் மைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவும் இன்றும் அதற்குச் சாட்சியாய் நிற்கின்றன. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் நம் பாட்டனார்களைத் தகரப் பெட்டியோடும் பாயோடும் பல்லாண்டுகள் ஏற்றிச் சென்றது. பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் மாண்டனர். இன்று திருச்சியில் விமானமேறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் என்ன நேரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 மே மாதம். என் உம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. பினாங்கில் வாழ்க்கைப்பட்ட தம் தங்கையை, எங்கள் சாச்சியை, அவர் பார்த்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாச்சிக்கு அறுவை சிகிச்சை நிச்சயமாகியிருந்தது. மறுநாள் இரவுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தால்தான் மருத்துவமனையில் சேருமுன் அவரை வீட்டில் காணலாம். நாங்கள் ஐவர்: உம்மா, நான், என் மனைவி, இரு பிள்ளைகள்.

முதல் தடை பெயரால் வந்தது. உம்மாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. பயணச்சீட்டிலோ அவர் பெயரே இருமுறை அச்சாகியிருந்தது. சீட்டுப் பதியும் கணினி இரண்டு பெயர் கேட்கும். நம் தாய்மாருக்கு இருப்பது ஒன்றுதான்! அங்கிருந்த பெண் தம் மேலதிகாரியை அழைத்து, அவர் இன்னொருவரைக் கேட்டு, அனுமதி கிடைக்க முக்கால் மணி நேரமாயிற்று. இதை நீங்கள் சிறு விஷயமெனக் கருதலாகாது. அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள சுற்றுலாப் பயணியரை ஏற்பதில்லையென அறிவித்ததும், தந்தை பெயர் கடவுச்சீட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் போதுமெனப் பின்னர் விளக்கியதும் நினைவிருக்கலாம். அந்த முக்கால் மணி நேரமும் உம்மா, "என் பேருல என்ன வாப்பா குத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரவு பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் அதிகாலை நான்கு மணிக்குத்தான் கிளம்பியது. காரணம் எவரும் கூறவில்லை. பிள்ளைகள் தரையிலேயே துண்டை விரித்துத் துயின்றனர். உம்மா தஸ்பீஹோடு விழித்திருந்தார்கள். ஃபஜ்ரை வானத்தில் இருக்கையிலேயே தொழுதோம்.

கோலாலம்பூரில் இறங்கியபோது அந்நாட்டு நேரம் பத்தரை. பினாங்கு விமானம் ஒன்பது மணிக்கே போய்விட்டது. பயண முகவர் இரண்டையும் தனித்தனிச் சீட்டாக எடுத்துத் தந்திருந்தார். ஆகவே முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாம் விமானத்தார் பொறுப்பல்ல என்று கூறிவிட்டனர். ஒரே சீட்டாயிருந்தால் நிலைமை வேறு. போதாக்குறைக்கு, நான்கு பெட்டிகளில் உம்மாவின் பெட்டி மட்டும் வரவில்லை. தங்கைக்கென்று தம் கையால் கிண்டிய தம்ரூட் அதில்தான் இருந்தது. மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருந்தது அல்லாஹ்வின் அருள்.

பெட்டி வராதபோது விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே எழுத்தில் புகார் பதிந்து, எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் இணைந்தது. அதன்படி, சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமான பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும்.

புதிய சீட்டின் விலை கேட்டு மலைத்தோம். ரயிலில் பேருந்து முனையம் சென்று, லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுது, இரண்டு மணிக்குப் பட்டர்வொர்த் பேருந்தில் ஏறினோம். ஐந்து மணி நேரத்துக்கும் மேலான வழி; இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். உம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒருமுறைகூட அவர்கள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டியது.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் படகு. கால் மணி நேரம் போலத்தான். மஃரிபு தொழுதுவிட்டு ஏறினோம். இருட்டில் ஜார்ஜ் டவுன் விளக்குகள் தண்ணீர்மேல் நீண்டு கிடந்தன. உம்மா எழுந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள். "எங்க வாப்பா இப்படித்தான் தண்ணி வழியா வந்து எறங்கியிருப்பாக" என்றார்கள். பாட்டனார் ரஜுலாவில் வந்தவர். விமானத்தில் வந்திருந்தால் இந்தக் கரையை இப்படிக் கண்டிருக்க மாட்டோம். ஆயினும் எழுபத்து நான்கு வயதுக் கால்களுக்கு அது மிகுந்த விலைதான்.

ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தோம். சாச்சி வாசற்படியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு சாச்சி மெல்லக் கேட்டார்: "லாத்தா, தம்ரூட் கொண்டாந்தியா?"

பெட்டி மூன்றாம் நாள் வந்தது. தம்ரூட் கெடவில்லை. மருத்துவர் அனுமதித்த அன்று, ஒரு சிறு துண்டை உம்மாவே தங்கையின் வாயில் ஊட்டினார்கள்.