நமக்கும் லைசென்ஸ் கிடைக்குமா?

"அண்ணே, நமக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் தருவாங்களா?"

முடிச்சூர் சாலை டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். பெயின்டிங் வேலை செய்கிறவன். வண்டலூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் அவன் சேரியில் போன வாரம் ஆடித் திருவிழாத் தகராறு. ஊர்த்தெருவில் ரியல் எஸ்டேட் செய்யும் ஒருவர் துப்பாக்கியை எடுக்கவெல்லாம் இல்லை, இடுப்புச் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. நம் ஆட்கள் கரகத்தை அந்தத் தெருவழியே கொண்டுபோகாமல் திரும்பிவிட்டார்கள்.

"தருவாங்க தம்பி, சட்டத்துலயே இருக்கு" என்றேன். சும்மா சொல்லவில்லை. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆவது விதி, தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவோ, போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. சொத்து இல்லாதவன் உரிமத்தை வாங்கி பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். துப்பாக்கிக்கு எங்கே போவது?

கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களின் பாதுகாப்புக்கென்று கொண்டுவந்தது. அப்போது விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். தம்பியின் கூலி நாளுக்கு 900. அந்த விலைக்கே, ஒரு டீகூடக் குடிக்காமல் 136 நாள் வேலை செய்ய வேண்டும். ஒற்றைக்குழல் துப்பாக்கி இதைவிட மலிவு, சரி. ஆனால் 2016 விதிகளின்படி மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க ஏற்பாடு எல்லாம் வேண்டும். தகர ஷீட் வீட்டில் எங்கே பூட்டுவது, அரிசி டிரம்முக்குள்ளா? பிறகு போலீஸ் விசாரணை. அலையும் ஒவ்வொரு நாளும் கூலி போகிற நாள்.

அகிம்சைப் பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்தார்கள். பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997இல் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. தற்காப்பு கேட்கிறவனை எந்த வாயால் தப்பு சொல்வேன்? ஆனால் தம்பி கடன் வாங்கித்தான் துப்பாக்கி வாங்க முடியும். வட்டிக்கு விடுகிறவரும் அதே ஊர்த்தெருதான்.

அதே 3ஆவது விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அதை நாமே கேட்பதில்லை. தேவைப்பட்டால், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை அரசு ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் அது போகிறது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுக்குத் தருகிற பாதுகாப்பைக் கரகத்துக்கும் தரட்டுமே. இதைக் கேட்க நமக்கு ஆகும் செலவு ஒரு வெள்ளைத்தாள்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. துப்பாக்கி கேட்டவனை மனு எழுதச் சொன்னால் வாடாதா?

"அவருகிட்டருந்து வாங்கிடுவாங்களாண்ணே?"

"கேட்டாத்தானே தெரியும்."

அவன் கையெழுத்திலேயே எழுதினான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தோம். அன்றைக்கும் அவனுக்கு 900 ரூபாய் போயிற்று. ஒப்புகைச் சீட்டை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான்.